முப்பத்தாறாம் மீட்டர்

சுங்கை பெசியில் நாற்பது மாடி எழும்பப் போகும் இடத்தில்
மண்ணைத் துளைத்துப் பார்ப்பது என் வேலை.
பதினெட்டு மீட்டர் வரை சேறு.
ஈயம் அலசிய காலத்துச் சேறு,
நீர்த்த தயிர் மாதிரி, கையில் நிற்காது.
அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை என்று
பழைய வரைபடம் சத்தியம் செய்கிறது.
முப்பத்தாறாம் மீட்டரில்
துளைக்கோல் சட்டென்று கனமிழந்து
இரண்டு ஆள் உயரம் சும்மா விழுந்தது.
ரஃபிகுல் இயந்திரத்தை நிறுத்தினான்.
"கோசோங், மேடம்" என்றான்,
காலையில் ரோட்டி கோசோங் கேட்கும் அதே குரலில்.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.
வெற்றிடம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

வீட்டில் லோகேஸ்வரி தூங்கவில்லை.
வாடகையில் பாதி அவளுடையது,
மேசை முழுவதும் அவளுடையது.
பொட்டலத்தில் மீ கோரெங் ஆறிக் கிடக்க
திரையில் ஒரு சிவப்புப் புள்ளி.
கொசு கடித்த தடம் அளவு.
அதுதான் ஒரு விண்மீன் திரள் என்றாள்.
ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டு நடந்து வந்த வெளிச்சம்.

"நம் பக்கத்துத் திரள்களில்
நடுவில் இருக்கும் கருந்துளை
ஆயிரத்தில் ஒரு பங்கு எடை.
இதில் பத்தில் ஒன்று.
வீடு கட்டும் முன்னே
அடுப்பு இவ்வளவு பெரிதாக எப்படி வந்தது?"
பிறகு அவளே,
"எடை போட்டது தப்பாகவும் இருக்கலாம்."
விண்மீன் ஆகாமலேயே ஒரு வாயு மேகம்
நேரே உள்ளே சரிந்திருக்கும் என்கிறார்களாம் சிலர்.
இல்லை, முதல் விண்மீன்கள் செத்த குழிதான்
தின்று தின்று பெருத்தது என்கிறார்களாம் சிலர்.

எனக்கு இதில் வியப்பு வரவில்லை.
நான் இந்த ஊர்க்காரி.
சேற்றாறு இரண்டு கூடும் இடத்தில்
படகு அதற்கு மேல் போகாது என்று
ஆட்கள் இறங்கி அம்பாங் காட்டுக்குள் நடந்தார்கள்.
போன எண்பத்தேழு பேரில்
பதினெட்டுப் பேரைக் காய்ச்சல் விட்டுவைத்தது என்பார்கள்.
முதலில் குழி.
குழிக்கு அரிசி வேண்டியிருந்தது, அரிசிக்குக் கடை,
கடைக்குத் தெரு,
தெருவுக்குச் சூதாட்டம், போலீஸ், சவப்பெட்டி.
தெருவில் சேர்ந்த ஆட்கள் மறுபடி குழிக்குள் இறங்க
குழி ஆழ ஆழத் தெரு நீண்டது.
யார் யாருக்குச் சோறு போட்டது
என்று பிரித்துச் சொல்லும் கணக்குப்பிள்ளை
அந்த ஊரில் இருந்ததில்லை.

"அதுவும் அப்படித்தான் ஒளிர்கிறது" என்றாள்.
"உள்ளே போனது இருட்டு.
போக முடியாமல் வாசலில் நெருக்கியடித்து
ஒன்றையொன்று உரசிச் சுடுவதுதான் இந்த வெளிச்சம்."
சன்னலுக்கு வெளியே காட்டினேன்.
சுங்கச் சாவடி நோக்கி
நான்கு வரிசைப் பின்விளக்குகள், சிவப்பாக, அசையாமல்.
"இப்படியா?"
"கிட்டத்தட்ட" என்று சிரித்தாள்.

அளவுக்கு மீறித் தின்றால்
அதன் மூச்சுக்காற்றே வாயுவை அடித்து விரட்டும்.
தனக்கும் இரை போச்சு,
பிறக்க இருந்த விண்மீன்களுக்கும் பால் போச்சு.
இங்கே எண்பத்தைந்தில் ஈய விலை விழுந்தது.
குழிகள் வாயடைத்தன. மழை வந்து நிரப்பியது.
குளம் என்று பெயர் வைத்து
நடைபாதை போட்டு
நீர்முகப்பு வீடு என்று விற்றார்கள்.
வாங்கியவர்களில் என் அண்ணனும் ஒருவன்.

"உன் வெற்றிடம் எவ்வளவு ஆழம்?"
"கோல் எதன் மேலோ நின்றது.
பாறையா, உடைந்த பாறையா தெரியாது.
நாளை ஐந்து மீட்டர் தள்ளி இன்னொரு துளை."
அவள் தலையாட்டிவிட்டு
அடுத்த புள்ளியைத் திறந்தாள்.

நெடுஞ்சாலையில் மணல் லாரி போகும்போது
மேசை மேலிருக்கும் தண்ணீர்க் குவளையில்
வட்டம் வட்டமாக ஓர் அசைவு.
நாங்கள் குடியிருக்கும் இந்த மாடிக்கு
மண் அறிக்கை எழுதியது யார் என்று
அலுவலகக் கோப்பில் ஒரு நிமிடத்தில் தேடிவிடலாம்.
மூன்று வருடமாகத் தேடவில்லை.